ஆறாவது பெயர்

சாராளின் குரலைப் பற்றி உத்தமபாளையம் கிறிஸ்தவ சபையில் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாடகர் குழுவில் பெண்கள் வரிசையில் நிறுத்தினால் மற்ற குரல்களுக்கு அடியில் ஏதோ உறுமுவதுபோல் கேட்கிறது என்று அவளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். ஆண்கள் வரிசையில் நிறுத்தவும் வழியில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் இசை ஆசிரியை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, தனக்குச் சொந்தமில்லாத ஒரு குரலில் பாடிக் காட்டுவாள். நாற்பது வயது தாண்டும் வரைக்கும் அப்படியே ஓடிவிட்டது.

ஒரு கல்யாண ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்க வந்திருந்த ஸ்டீவன்தான் அந்தக் குரலைக் கவனித்தார். ஆராதனை முடிந்து எல்லாரும் பந்திக்கு நகர்ந்தபோது அவர் நேராகக் கடைசி வரிசைக்கு வந்தார்.

“அந்தக் கீழ்ச் சுரம் நீங்களா டீச்சர்?”

குற்றம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று சாராள் நினைத்தாள். “மெதுவாத்தான் சார் பாடுனேன். அங்கன வரைக்கும் கேட்டிருச்சா?”

“எதுக்கு மெதுவாப் பாடணும்? ரெண்டு வருசமா நான் இந்தச் சத்தத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

ஸ்டீவன் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் மேல்நாட்டுச் செவ்வியல் இசை படிக்க வெளிநாடு போனவர், அப்பா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்தார். அதன்பிறகு போக முடியவில்லை. தேனி அல்லிநகரத்தில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். மிச்ச நேரமெல்லாம் எழுதினார். வயலினுக்கு, அதைவிடக் கனத்த குரலில் ஒலிக்கும் செல்லோவுக்கு, பாடகர் குழுவுக்கு என்று எழுதி எழுதி அடுக்கினார். அதை வாசிக்கத் தேனியில் ஆள் கிடையாது. சென்னையில் நாலைந்து பேர் இருந்தார்கள், அவர்களுக்கு நேரம் கிடையாது. முப்பது வருடத்தில் அவர் எழுதியதில் முக்கால்வாசியை அவரே காதால் கேட்டதில்லை.

இப்போது அவர் கையில் இருந்த படைப்புக்கு ஒரு விபத்து காரணம். சில வருடங்களுக்கு முன் கம்பம்மெட்டுச் சாலையில் ஒரு ஜீப் உருண்டது. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக் கூலி வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப். ஆறு பெண்கள் செத்துப்போனார்கள். எல்லாரும் சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஊர். அன்றைக்கு ஸ்டீவன் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கக் கம்பத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பிணவறை வாசலில் ஒரு நர்ஸ் நின்று, அடையாளம் காட்ட வீட்டு ஆட்களை வரச்சொல்லிப் பெயர்களைக் கூப்பிட்டாள். ராக்கம்மாள். சண்முகத்தாய். சுருளியம்மாள். அன்னத்தாய். மாரீஸ்வரி. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து நடந்தார்கள். கடைசியாக முனீஸ்வரி என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அவள் கூப்பிடக் கூப்பிட அந்தக் குரல் தணிந்துகொண்டே போனது என்று ஸ்டீவன் சாராளிடம் சொன்னார்.

“அதைத்தான் எழுதியிருக்கேன். ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, ஒரு பொம்பளைக் குரல். பாட்டுன்னு தனியா எதுவும் இல்ல டீச்சர். அந்த ஆறு பேருதான். ஒவ்வொரு பேரும் போன பேரைவிடக் கீழே எறங்கும். கடைசிப் பேரு செல்லோ வாசிக்கிற சுரத்துக்கும் அடியில போய் நிக்கணும். அதுக்குத்தான் குரல் கிடைக்கல.”

சாராள் தாளைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் இருந்த சுரம் அவளுக்கு வெகு சுலபமாக எட்டக்கூடியது. ஒரு மனிதர் மாடியறையில் உட்கார்ந்து, அவளைத் தெரியாமலேயே அவளுக்கென்று எழுதியிருக்கிறார் என்பதை அவளால் உடனே நம்ப முடியவில்லை. முதல் பக்கத்துக்குத் திருப்பி, அந்த ஆறு பெயர்களையும் வரிசையாகப் படித்தாள். பிறகு கேட்டாள்:

“அவுக வீட்ல கேட்டீகளா சார்?”

ஸ்டீவனுக்கு அது தோன்றியிருக்கவில்லை.

இரண்டு பேரும் அந்த ஊருக்குப் போனார்கள். ஐந்து வீடுகளில் பெரிய பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. பாடிக்கொள்ளுங்கள் என்றார்கள், அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள், காபி கொடுத்தார்கள். முனீஸ்வரியின் புருஷன் அம்மாவாசி திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தான். முதுகில் இருந்த டேங்கைக் கழற்றாமலே நின்று கேட்டான்.

“அன்னைக்கு யாரும் எந்திரிக்கலன்னு சொல்றீகளே, நான் அங்கனதான் சார் உக்காந்திருந்தேன். எந்திரிச்சா நெசமாயிருமேன்னு உக்காந்திருந்தேன்.”

ஸ்டீவன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவாசி டேங்கை இறக்கி வைத்தான்.

“பாடுங்க. ரேஷன் கார்டுல அவ பேரை எடுத்துட்டாக. ஓட்டு லிஸ்டுல எடுத்துட்டாக. பாஸ்புக்கை மூடிட்டாக. எங்கனயாச்சும் ஒரு எடத்துல அவ பேரு இருக்கட்டும். பாட்டுத் தட்டுக் கிட்டுப் போட்டீகன்னா எனக்கு ஒண்ணு குடுத்துருங்க.”

“கட்டாயம் குடுக்கிறோம்” என்றாள் சாராள்.

சென்னையில் ஒரு சின்ன அரங்கத்தில் அதை முதன்முதலாக நிகழ்த்தினார்கள். முதல் வயலின் வாசித்தவள் ஜெபஷீலா. நாகர்கோவிலில் பிறந்து சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குகளுக்கு வாசிப்பவள். மற்ற மூன்று பேரையும் அவள்தான் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். பாதி நாற்காலிகள் காலி. பின்வரிசையில் இருந்தவர்கள் மூன்றாவது பெயரிலேயே எழுந்து போனார்கள். ஆனால் கடைசிப் பெயர் வந்தபோது அரங்கத்தில் குளிர்சாதன இயந்திரத்தின் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. சாராள் அந்தச் சுரத்தில் இறங்கி நின்றாள். காலடியில் தரை அதிர்வது அவளுக்குத் தெரிந்தது. தன் உடம்பு முழுவதும் தன்னுடையதாக இருந்த முதல் பொழுது அது என்று பின்னால் அவள் ஜெபஷீலாவிடம் சொன்னாள்.

யாரோ அதைச் செல்போனில் எடுத்து இணையத்தில் போட்டார்கள். குளிர்சாதன இயந்திரம் ஊதுகிற சத்தமும் இருமலுமாக இருந்த அந்தப் பதிவு, எப்படியோ சுற்றி, வட ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊரில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் நடத்தும் ஒரு பெண்மணியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. இதைச் சுத்தமாகப் பதிவுசெய்து அனுப்ப முடியுமா, நான் வெளியிடுகிறேன் என்று ஸ்டீவனுக்கு எழுதினாள். அதை ஸ்டீவன் சாராளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

அந்த மாதம்தான் சாராளின் கழுத்தில் இருந்த கட்டி வெளியே தெரிய ஆரம்பித்தது.

மதுரையில் ஊசி போட்டுச் சோதித்துவிட்டுத் தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். பயப்படுகிற வகை இல்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். சாராள் மூன்று வாரம் அவகாசம் கேட்டாள். டாக்டர் யோசித்தார். மூன்று வாரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, அதற்குமேல் தள்ளாதீர்கள் என்றார்.

அவள் கணவர் பொன்னுராஜ் தேனி பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் அவர் சொன்னார்:

“செத்துப்போனவுக பேரைப் பாடுறதுக்கு நீ இருக்கணும்ல, சாராள்.”

“இருப்பேங்க. குரல் இருக்குமான்னுதான் தெரியல. அதான் இப்பவே பாடிரணும்.”

“பாடித்தான் ஆகணுமா?”

“இத்தனை வருசத்துல என் குரலைக் கேட்டு யாராச்சும் வேணும்னு சொல்லியிருக்காகளா? நீங்க சொல்லியிருக்கீகளா?”

பொன்னுராஜ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்தபின் அவளை அவர் தடுக்கவில்லை.

போடியில் ஸ்டீவனின் சித்தப்பாவுக்குச் சொந்தமான ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. சுவர்கள் நல்ல கனம். உள்ளே ஒரு வார்த்தை சொன்னால் அது அழகாகச் சுற்றி வந்து அடங்கும். அங்கேதான் பதிவு என்று ஸ்டீவன் முடிவுசெய்தார். உத்தமபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜியாவுதீன் மைக்குகளை வாடகைக்கு எடுத்து வந்தான். சென்னையிலிருந்து ஜெபஷீலாவும் மற்ற மூன்று பேரும் இரண்டு நாளுக்கு வந்தார்கள். அதற்குமேல் அவர்களுக்கு நாள் இல்லை. ஆனால் அது ஆடி மாதம். பள்ளத்தாக்கில் காற்றுக்கு ஓய்வே கிடையாது. கிட்டங்கியின் கூரையில் ஒரு ஓரத்துக்கு மட்டும் தகரம் போட்டிருந்தது. ஆள் ஏற்றி மூட்டைகளை வைத்து அதை அமுக்கினார்கள்.

முதல் நாள் காலையில் முதல் டேக்கிலேயே எல்லாம் கூடி வந்தது. ராக்கம்மாள், சண்முகத்தாய், சுருளியம்மாள், அன்னத்தாய், மாரீஸ்வரி. ஒவ்வொரு பெயரும் படியிறங்குவதுபோல் இறங்கியது. ஜெபஷீலா வில்லை இழுத்தபடியே சாராளை நிமிர்ந்து பார்த்தாள். இந்த அளவுக்குச் சென்னையில்கூட வரவில்லை. ஐந்தாவது பெயர் முடிந்து, செல்லோ மட்டும் தனியாக ஒலித்து, சாராள் ஆறாவது பெயருக்கு மூச்சை இழுத்தாள். அப்போது காற்று தகரத்தைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டியது.

ஸ்டீவன் கையை உயர்த்தினார். “நிறுத்துங்க.”

“சன்னமாத்தானே சார் கேட்டுச்சு” என்றாள் ஜெபஷீலா.

“எடிட்ல எடுத்துரலாம் சார், ஓடட்டும்” என்றான் ஜியாவுதீன்.

“கடைசிப் பேருக்கு முன்னாடி இருக்கிற அமைதி சுத்தமா இருக்கணும். அது இல்லாட்டி எதுவும் இல்ல. இன்னொரு தடவை போவோம்.”

சாராள் இழுத்த மூச்சை மெல்ல வெளியே விட்டாள். 

அடுத்த தடவை ரோட்டில் லாரி ஹாரன். அதற்கடுத்த தடவை செல்லோ பிசகியது. ஐந்து பெயர்கள்தான் நன்றாகக் கிடைத்துவிட்டனவே, ஆறாவதை மட்டும் தனியாக எடுப்போம் என்றான் ஜியாவுதீன். தனியாகப் பாடினாள். மூச்சு போதவில்லை. இன்னொரு முறை பாடும்போது குரல் நடுவில் கீறியது. ஸ்டீவன் கோபப்படவில்லை, ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்து, “ரொம்ப நெருங்கிட்டோம் டீச்சர், இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று கெஞ்சுவதுபோல் சொன்னார். சாயந்தரம் அவள் கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஜெபஷீலா வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

மறுநாள் காலையில் அந்தச் சுரத்தில் வெறும் காற்றுதான் வந்தது. வெந்நீர் குடித்துப் பார்த்தாள், படுத்துப் பார்த்தாள், மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாக நின்று முயன்று பார்த்தாள். முனீஸ்வரி என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்து வரும், பிறகு அறுந்துபோகும். மத்தியானம் சென்னைக்காரர்கள் கிளம்பிப் போனார்கள்.

“ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசத்துல சரியாயிரும்” என்றார் ஸ்டீவன். “அந்த ஒரு பேரை மட்டும் அப்ப எடுத்துக்குவோம். அவசரமே இல்ல டீச்சர்.”

ஆபரேஷன் மேசையில், கட்டி நரம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டியதாயிற்று. சாராள் கண்விழித்து முதலில் தண்ணீர் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நர்ஸுக்கு அது கேட்கவில்லை.

பார்க்க வந்த ஸ்டீவனைப் பொன்னுராஜ் வராந்தாவிலேயே நிறுத்தினார்.

“மூணு வாரம் முந்திச் செஞ்சிருந்தா நரம்பு தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொல்லல. தப்பிச்சிருக்காதுன்னும் சொல்லல. ரெண்டுல எதையாச்சும் ஒண்ணைச் சொல்லியிருந்தா நான் உங்களை உள்ளேயாவது விட்டிருப்பேன், இல்ல அடிச்சாவது இருப்பேன். இப்ப என்ன செய்யன்னு எனக்கே தெரியல. போயிட்டு வாங்க சார்.”

ஸ்டீவன் பழங்களை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

காயம் ஆறியது. குரல் வரவில்லை. பேசினால் தாளை உரசுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள், தொண்டையில் ஊசி போட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற அளவுக்குத் தேறியது. அவ்வளவுதான். பள்ளியில் அவளை நூலகத்துக்கு மாற்றினார்கள்.

ஆறாவது பெயருக்கு ஸ்டீவன் சென்னையில் ஒரு பாடகியை அழைத்துப் பார்த்தார். அவ்வளவு கீழே அவளால் இறங்க முடியவில்லை. பிறகு ஒருநாள் ஜியாவுதீன் இரண்டு பேரையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டான். பழைய டேக்குகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, சாராளின் குரலையே அதில் உருவாக்கியிருந்தான். அது முனீஸ்வரி என்று பாடியது. மூச்சு இழுக்கும் இடம், கடைசி எழுத்தில் வரும் சின்ன நடுக்கம், எல்லாம் அவளுடையதாகவே இருந்தது. சாராள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இதையே வச்சுருங்க சார்” என்றாள். கிட்டத்தில் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்டீவன் தலையாட்டினார், முடியாது என்று. “இது உங்க குரல் மாதிரி இருக்கு. உங்க குரல் இல்ல.”

“இல்லாட்டிப் போகுது. அவ பேரு இருக்கான்னுதான் அம்மாவாசி கேப்பாரு. யாரு பாடுனதுன்னு கேக்க மாட்டாரு. குடுக்கிறோம்னு சொல்லிட்டு வந்திருக்கோம்.”

“செத்தவுக பேர்ல ஒரு பொய்யை வச்சு இதை முடிக்க என்னால ஆகாது டீச்சர். என்னை மன்னிச்சிருங்க.”

அதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் சாராள் அப்போது நினைத்தாள். ஸ்டீவன் பதிவை ஐந்து பெயர்களோடு இசைத்தட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார். ஆறாவது இடத்தில் செல்லோ ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே போய் நின்றுவிடும். அதற்குமேல் ஒன்றுமில்லை. பாடகிக்கு இப்படி ஆகிவிட்டது, முடிந்தபோது சேர்க்கிறேன் என்று அந்தப் பெண்மணிக்கு எழுதியிருந்தார். தட்டு வெளிவந்தது.

அதை எடுத்துக்கொண்டு சாராள் தனியாகத்தான் சுருளிப்பட்டிப் பக்கம் போனாள். ஸ்டீவனுக்கு வகுப்பு இருந்தது. பள்ளியிலிருந்து ஒரு ஸ்பீக்கர் இரவல் வாங்கிப் போயிருந்தாள். தட்டு போடும் கருவி அம்மாவாசி வீட்டில் இருக்காது என்று தெரியும். செல்போனில் ஏற்றி வைத்திருந்தாள். அம்மாவாசி குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தான். பாட்டு ஓட ஓட, ஒவ்வொரு பெயருக்கும் அது யார் என்று சொன்னான். ராக்கம்மாள் அத்தை முறை. மாரீஸ்வரி கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. செல்லோ நின்றது. அவன் இன்னும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“கரண்டு போயிருச்சா?”

சாராள் இல்லை என்று கையசைத்தாள்.

“முடிஞ்சிருச்சா டீச்சர்?”

அவள் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். பாதியில் மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவன் அவள் கழுத்துத் தழும்பைப் பார்த்தான்.

“உங்களுக்கே சொகமில்லாமப் போச்சு. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்” என்றான். தட்டின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் இருந்த எழுத்து எதுவும் அவனுக்குத் தெரிந்த எழுத்து இல்லை. “அடுத்து போடுறப்ப அவ பேரையும் சேர்த்துருவாகல்ல?”

சாராள் தலையசைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தட்டு பேசப்பட்டது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் எழுதிய விமர்சகர், அந்தக் கடைசி அமைதியைத்தான் தலைமேல் தூக்கி வைத்துப் புகழ்ந்தார். ஐந்து பெயர்களைச் சொல்லிவிட்டு ஆறாவதைச் சொல்லாமல் விட்டது மேதைமை, பெயரில்லாமல் சாகும் எல்லா உழைப்பாளிகளுக்கும் அந்த இடம் பொருந்துகிறது என்றார். இன்னும் இரண்டு பேர் அதையே எழுதினார்கள். ஸ்டீவனை ஒரு வானொலியில் பேட்டி எடுத்தார்கள். எங்கோ ஒரு நகரத்தில் ஒரு விழாவில் அதை நிகழ்த்தினார்கள், பிறகு இன்னொரு நகரத்தில். தேனியிலும் ஒரு சங்கத்தில் அவருக்குச் சால்வை போட்டார்கள்.

அந்த நிகழ்ச்சிகளில் ஒன்றின் வீடியோவை ஜெபஷீலா சாராளுக்கு அனுப்பினாள். நூலகத்தில் உட்கார்ந்து சாராள் பார்த்தாள். பாடிய வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நல்ல ஆழமான குரல். சண்முகத்தாய் என்பதை எப்படி எப்படியோ உடைத்துச் சொன்னாலும், மாரீஸ்வரியில் அவள் இறங்கிய இடம் சாராளின் இடத்துக்கும் கீழே இருந்தது. இவளால் முடியும் என்று சாராள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செல்லோ நின்றது. அந்தப் பெண் கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றாள். கூட்டம் எழுந்து கைதட்டியது.

சனிக்கிழமை அவள் அல்லிநகரத்துக்குப் போனாள். மாடியில் ஸ்டீவன் கீபோர்டுகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பாடுறதுக்கு இப்ப ஆளு கிடைச்சிருச்சே சார்” என்றாள். “அந்தப் புள்ளைக்கு என்னைவிடக் கீழே போகுது. பேரை எதுக்கு விட்டாக?”

 ஸ்டீவன் உறையின் முனையைச் சரிசெய்தார்.

“அவுக விடல டீச்சர். இசைத்தாளை அச்சுக்குக் குடுத்தப்ப நான்தான் அப்படிக் குடுத்தேன்.”

“சேர்க்கிறேன்னு சொன்னீகளே.”

“சொன்னேன். சேர்த்தும் பார்த்தேன். சேர்த்தா சாதாரணமா ஆயிருது. அந்த எடம் காலியா இருக்கிறதுதான் இந்த இசையே. அது எனக்கு முன்னாடி தெரியல. உங்களுக்குக் குரல் போனப்புறந்தான் தெரிஞ்சுச்சு.”

சாராளுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கம்ப்யூட்டர்ல செஞ்சதை வைக்கச் சொன்னப்ப, செத்தவுக பேர்ல பொய் கூடாதுன்னு சொன்னீக. இது என்னது?”

“இதுல பொய் எங்க இருக்கு?”

“நீங்க நினைச்சு விட்டீகன்னு அங்க எழுதுறாகளே. தகரம் தட்டுனதாலதான் விட்டுப்போச்சுன்னு நீங்க எங்கயாச்சும் சொன்னீகளா?”

அவர் கண்கள் கலங்கின. அவர் கெட்ட மனிதர் இல்லை என்பது அந்த நேரத்திலும் அவளுக்குத் தெரிந்தது. தான் சொல்வதை அவரே நம்புகிறார், அதனால்தான் இனி மாற்றமாட்டார் என்பதும் தெரிந்தது.

“முப்பது வருசமா எழுதுறேன் டீச்சர். மாடியில உக்காந்து நானே எழுதி நானே மடிச்சு வச்சேன். அப்பா செத்தாரு, அம்மா செத்தாங்க, ஒரு சுரத்தைக்கூட அவங்க கேக்கல. இது ஒண்ணைத்தான் உலகத்துல நாலு பேரு கேட்டிருக்காங்க. அதைத் தொடச் சொல்லாதீங்க. வேணும்னா நான் வந்து அந்த ஆளுகிட்டப் பேசுறேன்.”

“என்னன்னு பேசுவீக?”

 சாராள் எழுந்தாள். படியிறங்கும்போது பின்னால் அவர் ஏதோ சொன்னார்; அவள் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் பஜாருக்கு நடந்து, பொன்னுராஜின் கடையில் போய் உட்கார்ந்தாள். வாடிக்கையாளருக்கு நிறம் கலக்கிக்கொண்டிருந்தவர், ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னார்.  

அடுத்த வருடம் ஸ்டீவனுக்கு ஐரோப்பாவில் ஒரு வருடம் தங்கி எழுத அழைப்பு வந்தது. மாடி வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனார். போகும் முன் சாராள் வீட்டுக்கு வந்திருந்தார். பொன்னுராஜ் கதவைத் திறந்து, அவள் சபைக்குப் போயிருக்கிறாள் என்றார். அவள் உள்ளே சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆவணி மாதம் ஒரு காலையில், அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மாவாசி போன் செய்தான். திராட்சையில் வேலை குறைந்துவிட்டதால் அவனும் ஏலத்தோட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தான். ஜீப்பிலிருந்து பேசினான். எஞ்சின் இரைச்சலும் பெண்களின் பேச்சும் அவன் குரலோடு சேர்ந்து வந்தன.

“டீச்சர், நான் அம்மாவாசி பேசுறேன். சார் படத்தைப் பேப்பர்ல போட்டிருக்காகன்னு நம்ம ஊரு வாத்தியார் காட்டுனாரு. புதுசாத் தட்டு வந்திருக்காமே. அதுல அவ பேரு வந்திருச்சா டீச்சர்?”

“வரல அம்மாவாசி” என்றாள் சாராள்.

“என்ன டீச்சர்?”

அவள் போனை வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். “இல்ல. வராது.”

“டீச்சர்? லைன்ல இருக்கீகளா?” ஜீப் கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. “எம்மா, செத்த நேரம் சத்தம் போடாம வாங்கம்மா. டீச்சர் பேசுறாக.”

பேச்சுக்குரல்கள் அடங்கின. எஞ்சின் இரைச்சல் அடங்கவில்லை. சாராள் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இன்னொரு முறை சொன்னாள். அடுத்த அறையில் இருந்த பொன்னுராஜுக்குக்கூட அது கேட்கவில்லை.

“ஒண்ணுமே கேக்கல டீச்சர். மேட்டுல சிக்னல் இல்ல போலருக்கு. எறங்குனப்புறம் கூப்பிடுறேன்.”

அவன் கூப்பிடவில்லை. சாராள் அன்றைக்குச் சாயந்தரம் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.